குழந்தைகளுக்குக் கண் டாக்டர் எங்கே? இளம் மருத்துவர்களை அழைக்கும் நிதி விருதுகள்!

பிறந்து ஆறு வாரம்கூட ஆகாத குழந்தைக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் நம்புவீர்களா? பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்த்தியான புரை இருந்தால், 6 வார வயதையொட்டி அதை அகற்றிவிட வேண்டும் என்கிறது மருத்துவம்.

வீட்டில் இருக்கும் பாட்டிக்குப் புரை ஆபரேஷன் சில மாதங்கள் தள்ளிப்போனால் பெரிய இழப்பு இல்லை. எப்போது செய்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. கண்ணும் மூளையும் சேர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வது முதல் 7, 8 வருடங்களில்தான். அந்தக் காலத்தில் தெளிவான பிம்பத்தை அனுப்பாத கண்ணை மூளை ஒதுக்கிவிடும். ‘சோம்பேறிக் கண்’ என்பது இதுதான். வயது கடந்துவிட்டால், எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வையைக் கொண்டுவருவது கடினம்.

எனவே, குழந்தையின் கண்ணைப் பரிசோதிக்கத் தெரிந்த டாக்டர் சரியான நேரத்தில் கிடைக்க வேண்டும். அமெரிக்காவிலேயே அதற்குப் பஞ்சம் என்பதுதான் அதிர்ச்சி.

பணக்கார நாட்டிலும் பற்றாக்குறை

குழந்தைகளின் கண்ணை மட்டுமே பார்ப்பேன் என்று அங்கே முதன்முதலில் முடிவெடுத்தவர் வாஷிங்டன் நகர டாக்டர் ஃபிராங்க் காஸ்டன்பேடர். ஆண்டு 1943. அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மார்ஷல் பார்க்ஸ் அடுத்த தலைமுறையை உருவாக்க, ஒரு தனித்துறையே வளர்ந்தது.

80 ஆண்டுகள் கழித்து நிலைமை என்ன? 2023-ல் ‘ஜாமா ஆப்தல்மாலஜி’ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கா முழுக்க 1,056 குழந்தைக் கண் மருத்துவர்கள்தான் இருப்பதாகக் கணக்கிட்டது. நம்மூர் மாவட்டம்போல அங்கே ‘கவுன்ட்டி’கள் உண்டு. அவற்றில் சுமார் 90 சதவிகிதத்தில் இந்த மருத்துவர் ஒருவர்கூட இல்லை.

காரணம், பணமும் நேரமும். கல்லூரிப் படிப்பு 4 ஆண்டுகள், மருத்துவப் படிப்பு 4 ஆண்டுகள், கண் மருத்துவப் பயிற்சி 4 ஆண்டுகள். இவ்வளவும் முடித்த பிறகு, குழந்தைக் கண் மருத்துவத்துக்கு ஓராண்டு ‘ஃபெல்லோஷிப்’ படிக்க வேண்டும். தலைக்கு மேல் கல்விக் கடன் வேறு.

படித்து முடித்தாலும், மற்ற கண் நிபுணர்களைவிட வருமானம் குறைவு. அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தி, சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து பரிசோதிக்க அதிக நேரம் பிடிக்கும். ஆனால், அந்த நேரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. அங்கே ஏறக்குறைய 10-ல் 4 குழந்தைகள் அரசு காப்பீட்டில் இருப்பவர்கள். அந்தக் காப்பீடு டாக்டருக்குத் தரும் தொகையும் குறைவு. அதனால்தான் ஃபெல்லோஷிப் இடங்களில் சில, ஆண்டுதோறும் ஆளில்லாமல் காலியாகவே கிடக்கின்றன.

விருது என்ன செய்யும்?

இங்கேதான் நிதி விருதுகள் வருகின்றன. கண் மருத்துவம் பயிலும் இளம் டாக்டர், குழந்தைகள் பிரிவில் வேலை செய்வது சில மாதங்கள்தான். பயிற்சி முடிவதற்கு முன்பே, அடுத்து விழித்திரையா, கருவிழியா, குழந்தைகளா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கிடைக்கும் சிறு தொகைகூட வழியை மாற்றலாம்.

சில விருதுகள் மாநாட்டுக்குப் போய்வரும் செலவை ஏற்கின்றன. மாறுகண் ஆபரேஷனில் கைதேர்ந்த மூத்த மருத்துவர்களை நேரில் சந்தித்துப் பேச அது ஒரு வாய்ப்பு. சில விருதுகள் ஃபெல்லோஷிப் காலத்துக்கு உதவித்தொகை தருகின்றன. இன்னும் சில, முதல் ஆராய்ச்சிக்கான தொடக்க நிதி.

1956-ல் தொடங்கிய ‘நைட்ஸ் டெம்ப்ளர் கண் அறக்கட்டளை’ இதற்கு நல்ல உதாரணம். குழந்தைக் கண் நோய்களில் ஆராய்ச்சியைத் தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இது நிதி தருகிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் குழந்தைக் கண் மருத்துவப் பாடங்களுக்கான இணைய மையமும் இதன் நிதியில் உருவானதுதான். அதை இலவசமாகப் படிக்கலாம்.

விருதுகளால் மட்டும் பற்றாக்குறை தீர்ந்துவிடாது. குழந்தையைப் பரிசோதிக்கும் நேரத்துக்கு உரிய ஊதியம் கிடைத்தால்தான், வந்தவர்கள் இந்தத் துறையில் நிலைப்பார்கள். ஆனால், உள்ளே வரும் கதவைத் திறப்பது பெரும்பாலும் இந்த முதல் உதவிதான்.

நம்மூரில்...

ஒரு கோடி மக்களுக்கு ஒரு உயர்நிலைக் குழந்தைக் கண் சிகிச்சை மையம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ‘விஷன் 2020’ திட்டம் சொன்ன அளவு. அப்படிப் பார்த்தால், 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடியைத் தாண்டிய தமிழ்நாட்டுக்குக் குறைந்தது 7 மையங்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் தேவை.

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையின் சங்கர நேத்ராலயாவும் எம்.எஸ். முடித்தவர்களுக்குக் குழந்தைக் கண் மருத்துவ ஃபெல்லோஷிப் நடத்துகின்றன. வளரும் நாடுகளின் இளம் கண் மருத்துவர்கள் வெளிநாட்டில் குறுகிய காலப் பயிற்சி பெற, சர்வதேச கண் மருத்துவக் கவுன்சிலின் ஃபெல்லோஷிப்பும் உண்டு. உங்கள் வீட்டில் கண் மருத்துவம் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வழிகளைக் காட்டுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

* 34 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தை என்றால், பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். மிகவும் முன்கூட்டிப் பிறந்திருந்தால் இன்னும் சீக்கிரமாகவே செய்ய வேண்டும்.
* கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புரையாக இருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.
* 4 மாதத்துக்குப் பிறகும் மாறுகண் இருந்தால், ‘அதிர்ஷ்டம்’ என்று விட்டுவிடாதீர்கள்.
* டி.வி-க்கு மிக அருகில் போய் உட்காருவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடினால் மட்டும் அழுவது... இவையும் அறிகுறிகளே.
* அரசுப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டப் பரிசோதனையில் கண்ணும் அடங்கும். அந்த நாளில் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள்.

குழந்தை தனக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு அதுதான் உலகம். நாம்தான் கவனிக்க வேண்டும். கவனித்து அழைத்துப் போகும்போது, பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் பக்கத்து ஊரிலாவது இருக்க வேண்டும்.