சறுக்கு மேட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

டிசம்பர் பிறந்தால் மார்ச் வரை பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் டொரொன்டோவில் நிறைய. என் அம்மாவுக்கும் அதே பயம்தான். "குளிருக்குள்ள பிள்ளையளைக் கொண்டு திரியாதை பிள்ளை, சளி பிடிச்சுப்போகும்" என்பார். சளியைத் தருவது வைரஸ் என்று சொல்லிவிட்டு, ஏழு வயது மகளையும் நாலு வயது மகனையும் கூட்டிக்கொண்டு நான் சறுக்கு மேட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஆறு மாதக் குளிருள்ள நாட்டில் வளரும் பிள்ளை பனிக்குப் பயந்து வளரக்கூடாது.

செலவு பெரிதாக இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்லெட், ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். சைக்கிள் ஹெல்மெட்டை விட பனிச்சறுக்கு ஹெல்மெட்டோ ஹாக்கி ஹெல்மெட்டோ நல்லது. காற்றடித்த டியூப்பை நான் வாங்குவதில்லை. அதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

உடுப்பில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். பருத்தி உடுப்பு வியர்வையிலும் பனியிலும் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, வெளியே தண்ணீர் புகாத ஸ்னோ பான்ட்ஸ். ஐந்து விரலும் பிரிந்த கையுறையை விட, நாலு விரலும் ஒன்றாய் இருக்கும் மிட்டன்தான் கையைச் சூடாக வைத்திருக்கும். கழுத்தில் சால்வை வேண்டவே வேண்டாம். ஸ்லெட்டில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். தலை வழியே மாட்டும் கழுத்துப் பட்டி போதும். சின்னவன் ஸ்லெட்டில் அசையாமல் இருப்பதால் அக்காவை விடச் சீக்கிரம் குளிர்ந்துபோவான். அதனால் மேட்டில் ஏறும்போது அவனைத் தூக்குவதில்லை, நடக்க விடுகிறேன். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தொட்டால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறைந்துபோகலாம். அன்றைக்கு வீடுதான்.

குளிரோடு பனியின் தன்மையையும் பார்க்கவேண்டும். பனியின் மேற்பரப்பில் மெல்லிய வழுக்குப் படலம் ஒன்று உண்டு. உராய்வுச் சூடு அதை இன்னும் நனைக்கிறது. ஸ்லெட் ஓடுவது அதன்மேல்தான். கடுங்குளிரில் பனி சொரசொரப்பாகி வேகம் குறையும். பயப்பட வேண்டிய நாள் வேறு: ஒருநாள் உருகி மறுநாள் உறைந்த மேடு. அது பனியல்ல, கண்ணாடி. அதன்மேல் என் பிள்ளைகளை விடமாட்டேன்.

2024 ஜனவரியில் டொரொன்டோ மாநகரசபை ஆபத்தானவை என்று சொல்லி 45 மேடுகளில் சறுக்கத் தடை போட்டபோது பல பெற்றோர் கொதித்தார்கள். எனக்கும் கவலைதான், பிள்ளைகள் நடந்தே போகக்கூடிய மேடுகள் அவை. ஆனால் மரமும் வாங்கும் வேலியும் வழியில் நிற்கும் சரிவில் ஸ்லெட்டை விடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சரிவு 30 பாகைக்குள் இருக்கவேண்டும். அடியில் ஸ்லெட் தானே ஓய்ந்து நிற்க நீண்ட வெளி வேண்டும். ரோட்டோ குளமோ கார் தரிப்பிடமோ பக்கத்தில் இருக்கக்கூடாது. ரிவர்டேல் பூங்காவின் கிழக்குச் சரிவு பெயர்பெற்றது. ஆனால் உயரம், கூட்டம். மகள் போவாள், மகனுக்கு இன்னும் காலமிருக்கிறது.

கால் முன்னே நீட்டி இருந்தபடிதான் சறுக்கவேண்டும். தலை முன்னே போகப் படுத்துச் சறுக்குவது வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இறங்கியவுடன் பாதையை விட்டு விலகி, ஓரத்தால் ஏறி வரப் பழக்குங்கள். நடுவில் நிற்கிற பிள்ளைமேல் அடுத்த ஸ்லெட் மோதிவிடலாம்.

"அம்மா, இன்னொருக்கா!" என்று கேட்கும்போதே, கை கால் விறைக்க முன் திரும்பிவிடுங்கள். டிசம்பரில் மாலை 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்புங்கள்.