உருளையில் பழகிய கை, காற்றில் தடுமாறும்

தாச்சியில் கோப்பி வறுத்தவர்களுக்குத் தெரியும்: அடி அதிகம் சுட்டால் கொட்டை வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். உருளை இயந்திரத்தின் சிக்கலும் அதுதான். நெருப்பைக் குறைத்தாலும் இரும்பில் தேங்கிய சூடு உடனே இறங்காது. ஆகவே முதல் வெடிப்புக்கு முன்னரே குறைக்கவேண்டும்.

அமெரிக்கரான மைக்கேல் சிவெட்ஸ் 1970களில் பிரபலப்படுத்திய காற்று இயந்திரத்தில் கொட்டைகள் சூடான காற்றிலேயே மிதக்கின்றன. உருளையில் 10 முதல் 15 நிமிடம் எடுப்பது இதில் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலர் பிழைவிடுவது இங்கேதான். உருளையின் நேரக்கணக்கைப் பிடித்துக்கொண்டு சூட்டைக் குறைத்து இழுத்தடிக்கிறார்கள். நல்ல கொட்டையும் சப்பென்று போகிறது.

விசிறியையும் கவனியுங்கள். ஈரம் போகப்போகக் கொட்டை இலேசாகும், அதனால் காற்றையும் படிப்படியாகக் குறைக்கவேண்டும். ஆனால் சிறிய வீட்டு இயந்திரங்களில் காற்றைக் குறைத்தால் சூடு ஏறும். இரண்டையும் சேர்த்தே கையாளவேண்டும்.

முதல் வெடிப்பு ஏறத்தாழ 196 பாகை செல்சியஸ் என்பார்கள். வெப்பமானி இருக்கும் இடத்தைப் பொறுத்து அந்த எண் மாறும். காதை நம்புவதே மேல். வளவில் பறித்த கோப்பி ஒரு கிலோதான் கையில் இருக்கிறதென்றால், முதலில் 100 கிராமை மட்டும் போட்டுப் பாருங்கள்.