டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

‘ஆன்டி-ஆக்சிடன்ட் நிறைந்தது, மாரடைப்பு வராமல் காக்கும்’ என்று யாராவது ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினால், வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’, ‘பலவகை உணவுக்கு இது மாற்றல்ல’ என்று ஆங்கிலத்தில், பெரும்பாலும் பொடி எழுத்தில், அச்சிட்டிருப்பார்கள். சத்து மாத்திரைகளில் இவை இருந்தே ஆக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விற்பவர் இதை வாசித்துக் காட்டுவதில்லை.

ரத்தக்குழாய்ச் சுவரில் தங்கும் கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவது அடைப்புக்கு வழிவகுக்கிறது. அதைத் தடுக்கும் விட்டமின்களைக் கொடுத்தால் இதயம் தப்பும் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தது. பிரிட்டனில் இதய ஆபத்து அதிகமுள்ள 20,536 பேரில் பாதிப் பேருக்கு விட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டு கொடுத்தார்கள். ரத்தத்தில் விட்டமின் அளவு ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. 2002-இல் முடிவு வெளிவந்தது. அதற்கு முன்பே, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புகைபிடிப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, நிலக்கடலை இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். காய்கனி நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இதயநோய் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பலன் ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்த மாத்திரையில் கிடைக்கவில்லை.

எனக்குப் பெரும் கவலை தருவது வேறு: இந்தச் சத்து மாத்திரைகளை நம்பி, சிலர் டாக்டர் எழுதித் தந்த கொழுப்பு, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதிக அளவு விட்டமின் இ ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

இதயநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று மருந்துகளை விளம்பரம் செய்ய 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது. உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில், டப்பா, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விற்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்கள்.