அணிலா, ஆண்டாள் தேரா? கேமரா வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

புது கேமரா தேடுபவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை மெகாபிக்சல்?’ லென்ஸ் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். பட்ஜெட் எகிறுவதும் அங்கேதான். பாடி நாலஞ்சு வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அதைத் தாண்டியும் கூட வரும். இரண்டையும் இணைக்கும் வளையம்தான் ‘மவுண்ட்’. ஒரு மவுண்டுக்குள் போய்விட்டால், அடுத்தடுத்து வாங்குவதும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துக்குள்தான்.

அதனால், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ரத வீதிக் கூட்டத்துக்குள் நிற்பவருக்கு ஓர் அடி பின்னால் நகரக்கூட இடமிருக்காது. தேர் முழுசாக ஃப்ரேமில் அடங்க வைட் லென்ஸ் வேண்டும். கேமராவோடு வரும் கிட் லென்ஸே ஓரளவு சமாளித்துவிடும்.

செண்பகத்தோப்புப் பக்கம் போனால் கதை தலைகீழ். 1988-ல் சரணாலயமான இந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. இங்குள்ள சாம்பல் நிற அணில் பெரும்பாலும் மர உச்சியிலேயே வாழ்வது. 400 எம்.எம். லென்ஸ்கூட சில நேரம் பத்தாது. இலைகளுக்கு அடியில் வெளிச்சமும் கம்மி. தாவும்போது பிடிக்க 1/1000 நொடி ஷட்டராவது வேண்டும்.

‘ஃபுல் ஃப்ரேம்தான் கெத்து’ என்ற பேச்சு இங்கே அவ்வளவாக எடுபடாது. சிறிய சென்சாரான ஏபிஎஸ்-சி-யில் 400 எம்.எம். லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 600 எம்.எம். தரும் நெருக்கத்தைத் தரும். ஃபுல் ஃப்ரேமில் எடுத்துவிட்டு, சின்னதாகத் தெரியும் அணிலை கிராப் செய்தால், பெரிய சென்சாருக்கே உரிய இருட்டு பலம் பெரும்பாலும் அந்த கிராப்பிலேயே போய்விடும். அந்தக் காசை லென்ஸில் போடலாம்.

ராஜபாளையத்தில் வார இறுதியில் கல்யாண ஆர்டர் எடுப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு இரண்டு மெமரி கார்டு ஸ்லாட் கட்டாயம். தாலி கட்டுவதை ரீடேக் கேட்க முடியாது. ஒரு கார்டு செத்துப்போனால் இன்னொன்றில் படம் இருக்க வேண்டும். இந்த வசதி பல ஆரம்ப விலை மாடல்களில் இல்லை.

அடுத்தது உழைப்பு. அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில், தூசிக்கு நடுவே லென்ஸ் மாற்றினால் சென்சாரில் புள்ளி விழும். ‘வெதர் சீலிங்’ உள்ள பாடி சாரலைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் லென்ஸிலும் சீலிங் இருக்க வேண்டும். இருந்தாலும் அது வாட்டர்ப்ரூஃப் ஆகிவிடாது. மழைக்காலத்தில் பைக்குள்ளேயே பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை வரும். சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும், செலவு சில நூறு ரூபாய்தான்.

பட்ஜெட் இடிக்கிறதா? செகண்ட் ஹேண்ட் லென்ஸ் நல்ல வழி. 1987-ல் வந்த கேனான் இ.எஃப். வரிசை லென்ஸ்கள், அடாப்டர் போட்டால் இன்றைய ஆர்.எஃப். மிரர்லெஸ் பாடியிலும் ஆட்டோஃபோகஸ் ஆகும். நிகானில் மட்டும் கவனம் தேவை: எஃப்.டி.இசட். அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எந்த பிராண்டாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் லென்ஸின் இரு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.