பாயும் காருக்குப் பின்சக்கரப் பிடி

எஞ்சினில் எத்தனை குதிரைசக்தி இருந்தென்ன? டயர் சாலையைப் பிடித்தால்தானே வண்டி பாயும்!

அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங் காரைப் பாருங்கள். 2005 முதல் 2014 வரையிலான மாதிரிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்தவை. அந்த அச்சை முன்பின் நகராமல் பிடிப்பவை கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று இரும்புக் கைகள்.

கைகளின் முனைகளில் ரப்பர் புஷ் உண்டு. திடீரென்று முடுக்கினால் ரப்பர் நசுங்கும். அச்சு முறுகி மீளும். டயர் தரையைத் தொட்டும் விட்டும் துள்ளும். துள்ளல் தொடர்ந்தால் அச்சே உடையலாம்.

பரிகாரம்? வளையாத கனத்த கீழ்க்கைகளும் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்களும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியவர்கள், கீழ்க்கையின் பின்முனையைக் கீழிறக்கும் தாங்கியும் பொருத்துவது நல்லது. அப்போதுதான் கை வண்டியைத் தள்ளும்போதே டயரைத் தரையில் அழுத்தும். இதனால் இரைச்சலும் அதிர்வும் சற்றுக் கூடும்.

தம்பிமாரே, எந்தக் காரானாலும் முதல் செலவு நல்ல டயருக்கும் பழுதான புஷ்ஷுக்கும் ஆகட்டும். மழைச் சாலையில் தேய்ந்த டயருக்கு எந்த இரும்புக் கையும் துணைக்கு வராது.