பிப்ரவரி ரோஜாவின் கணக்கு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது

காதலர் தினத்துக்கான ரோஜாவை மொத்த வியாபாரிகளிடம் சொல்லிவைக்க, பொக்கே கடைகளுக்கு இந்த ஜனவரிக் கடைசி வாரம்தான் கெடு. பிப்ரவரி பிறந்துவிட்டால் வியாபாரி விலை சொல்வார். சரக்கு கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டார். இந்த நேரத்தில் வரும் வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாகக் கடை திறந்தவர்கள், “பெங்களூரிலிருந்து ஒரே இரவில் வந்துவிடுகிற பூவை மூன்று வாரம் முன்பே ஏன் சொல்லிவைக்க வேண்டும்? பத்தாம் தேதி சொன்னால் போதாதா?” என்று கேட்கிறார்கள். பூ வாங்குகிறவர்களின் கேள்வி வேறு: “ஓசூரில் விலை கிடைக்கவில்லை என்று விவசாயி வருந்துகிற செய்தி வருகிறது. அதே வாரம் எங்கள் தெருக் கடையில் ஒரு பூவின் விலை மூன்று மடங்கு. நடுவில் என்ன நடக்கிறது?”

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் இன்று கொடுக்கும் ஆர்டரால் ஒரு பூகூடக் கூடுதலாகப் பூக்கப்போவதில்லை. பிப்ரவரி 14 அன்று எத்தனை சிவப்பு ரோஜா சந்தையில் இருக்கும் என்பதை ஓசூர், பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் வட்டாரத்துப் பசுமைக்குடில்களிலும் பெங்களூரைச் சுற்றிய தோட்டங்களிலும் டிசம்பர் மாதமே கத்தரிக்கோல் முடிவு செய்துவிட்டது. இன்றைய ஆர்டர், ஏற்கெனவே எண்ணிக்கை முடிவாகிவிட்ட சரக்குக்கு வரிசையில் இடம் பிடிப்பது மட்டுமே.

அந்தக் கத்தரிக்கோல் கணக்கு வியக்கவைப்பது. பசுமைக்குடில் ரோஜா ஆண்டு முழுவதும் பூக்கக்கூடிய செடி. ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்கு மேலே தண்டை வெட்டினால், அந்த இலைக்கணுவிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். அது சிவந்த கொழுந்தாக நீண்டு, நுனியில் மொட்டு கட்டி, வெட்டும் பக்குவத்துக்கு வர ஓசூரின் குளிர்காலத்தில் ஏறக்குறைய 45 முதல் 55 நாள் ஆகும். ரகத்துக்கு ரகம் இது மாறும். சிவப்பில் இங்கே பெரிதும் பயிராவது தாஜ்மஹால் ரகம். அதைப் பல ஆண்டு வளர்த்தவர்களுக்குத் தங்கள் குடிலில் அது எடுத்துக்கொள்ளும் நாள்கள் அத்துப்படி.

ஆகவே நாளைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். வெளிநாட்டுக் கடையில் பிப்ரவரி 14-ல் பூ இருக்க வேண்டுமானால், விமானத்தில் ஏற்றுவது பத்தாம் தேதிக்குள் முடிய வேண்டும். அறுவடை ஜனவரிக் கடைசியிலேயே தொடங்க வேண்டும். ஜனவரி 30-லிருந்து 50 நாள் பின்னால் போனால் டிசம்பர் 11. உள்ளூர்க் கடைகளுக்கு பிப்ரவரி 8-ல் வெட்டினால் போதும். அதற்கான கத்தரிப்பு டிசம்பர் 20. ஒன்பது நாள் இடைவெளியில் ஒரே தோட்டத்தில் இரண்டு சந்தைக்கான பயிர் பிரிகிறது. டிசம்பரில் ‘இந்தப் பாத்தி சிங்கப்பூருக்கு, அந்தப் பாத்தி சென்னைக்கு’ என்று எந்தப் பெயர்ப்பலகையும் இருக்காது. ஆனால் எந்தப் பாத்தியில் எந்தத் தேதியில் கத்தரிக்கோல் பட்டது என்பதே அதைச் சொல்லிவிடும்.

கணக்கைக் கலைப்பது வெயிலும் குளிரும். ஜனவரியில் ஒரு வாரம் வழக்கத்தைவிட வெப்பம் கூடினால் மொட்டு முந்திக்கொள்ளும். பனி மூடிய நாள்கள் நீடித்தால் பிந்தும். பிந்திய பயிரால் பயனில்லை. பிப்ரவரி 15-ல் சிவப்பு ரோஜாவுக்கு முந்தைய நாளின் விலை கிடையாது. முந்திய பயிருக்குக் குளிர்பதன அறை இருக்கிறது. வைக்க இடம் உள்ளவருக்கு மட்டும். இந்த அபாயத்துக்காக அனுபவசாலிகள் எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. சில நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு தவணையாக வெட்டுகிறார்கள். மொட்டு பட்டாணி அளவில் தெரிந்துவிட்டால் அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம்போல என்று கணித்துவிடலாம். ஜனவரி நடுவில் தோட்டத்துக்காரர் அந்த மொட்டுகளை எண்ணுகிறார். மொத்த வியாபாரி ஜனவரிக் கடைசியைக் கெடுவாக வைப்பது அந்த எண்ணிக்கை அவருக்குத் தெரிந்த பிறகுதான்.

என்னைத் தொந்தரவு செய்வது இந்தக் கணக்கின் மறுபக்கம். டிசம்பரில் கத்தரிக்கும்போது, அந்தத் தண்டுகள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் கொடுத்திருக்கக்கூடிய பூக்களை விவசாயி விட்டுக்கொடுக்கிறார். பிப்ரவரி அறுவடையும் ஒரு வெட்டுதான். அதிலிருந்து அடுத்த பயிர் மார்ச் கடைசியில் ஒரே மூச்சில் வந்து நிற்கும். வெயில் ஏறிய அந்த மாதத்தில் தண்டு குட்டையாகும், மொட்டு சிறுக்கும். சிவப்பு ரோஜா கேட்டு வரும் பண்டிகையும் கிடையாது. ஒரு நாளுக்காக முன்னால் ஒரு பயிரையும் பின்னால் ஒரு பயிரையும் பணயம் வைக்கிறார்கள். ‘காதலர் தினத்தால் விவசாயிகளுக்கு நல்ல வருமானம்’ என்று எழுதும்போது இந்த மூன்றையும் சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும். பிப்ரவரி வரவை மட்டும் பார்த்துச் சொல்வது அரைக் கணக்கு.

இதன்மேல்தான் ‘முன்பதிவு’ வந்து உட்காருகிறது. செய்திக்குறிப்புகளில் இந்தச் சொல் உறுதியான கொள்முதலைப் போல ஒலிக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் தொலைபேசியில் சொன்ன வார்த்தை. முன்பணம் இல்லை, எடுக்காவிட்டால் அபராதம் இல்லை. அப்படியிருக்கும்போது, ஒரே கடை தன் பாதுகாப்புக்காக மூன்று வியாபாரிகளிடம் சொல்லிவைப்பதைத் தடுக்க எதுவும் கிடையாது. இருபது கட்டு தேவைப்படும் கடையின் பெயரில் அறுபது கட்டு ‘முன்பதிவு’ ஆகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் வெளியாகும் ‘இத்தனை லட்சம் மலர்கள் அனுப்ப இலக்கு’, ‘இத்தனை லட்சம் மலர்களுக்கு ஆர்டர்’ என்ற எண்களை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். இலக்கு என்பது நடக்கும் என்று எதிர்பார்ப்பது. எத்தனை அனுப்பினோம், எத்தனைக்குப் பணம் வந்தது என்ற கணக்கு மார்ச்சில் அதே பெரிய எழுத்தில் வருவதில்லை. அந்த எண்ணை நம்பி அடுத்த டிசம்பரில் இன்னும் இரண்டு பாத்தி கூடுதலாகக் கத்தரிப்பவர் விவசாயி.

கடைக்காரர் ஏன் தேவைக்கு மேல் கேட்கிறார்? அவர்மீது குற்றம் சொல்வது எளிது. கணக்குப் போட்டால் அவர் நிலை புரியும். டச்சு ரோஸ் என்று கடைகளில் சொல்லப்படும் இந்தத் தண்டு ரோஜா, இருபது பூ கொண்ட கட்டாக வருகிறது. ஒரு கட்டு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பூ ஒன்று 15 ரூபாய். கடையில் 40 ரூபாய்க்கு விற்கிறார். ஒரு பூ விற்காமல் தங்கினால் நட்டம் 15. கேட்டு வந்தவருக்குப் பூ இல்லாமல் அனுப்பினால் இழப்பு 25. இந்த இரண்டு எண்களையும் பார்க்கும் எந்த வியாபாரியும் சற்றுக் கூடுதலாகவே வாங்குவார். வழியில் கழுத்து ஒடிவது, இதழ் கருகுவது, முள் நீக்கும்போது கீறுவது எல்லாம் சேர்ந்து கட்டுக்கு இரண்டு பூ போனாலும் அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் இது நியாயமான முடிவு. எல்லாக் கடைகளும் ஒரே முடிவை எடுக்கும்போது 15-ம் தேதி காலை குப்பைத் தொட்டி நிறைகிறது.

திறமையான கடைக்காரர் இதைப் பூவின் எண்ணிக்கையால் சமாளிப்பதில்லை, நாள்காட்டியால் சமாளிக்கிறார். அவர் முதலில் பார்ப்பது கிழமை. வேலைநாளில் வந்தால் அலுவலகங்களுக்கும் கல்லூரி வாசல்களுக்கும் ஒற்றைப் பூவும் சிறு பொக்கேயும் போகும்; விடுமுறையில் வந்தால் அந்த விற்பனை சுருங்கும். 2025-ல் அது வெள்ளிக்கிழமை, 2026-ல் சனி, 2027-ல் ஞாயிறு. அடுத்துப் பஞ்சாங்கம். தை முடிந்து மாசி பிறக்கும் நேரம் அது. 14-ஐ ஒட்டி முகூர்த்த நாள் வந்தால், மேடை அலங்காரத்துக்கு வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு ரோஜாவும் ஜெர்பராவும் கார்னேஷனும் பெருமளவில் இழுக்கப்படும். கட்டுகிற ஆளும் கிடைக்கமாட்டார். முகூர்த்தம் இருக்கிற ஆண்டில் சிவப்பில் மிஞ்சுவதைக்கூட அலங்காரத்தில் சேர்த்துவிடலாம். இல்லாத ஆண்டில் மிஞ்சியது மிஞ்சியதுதான். ஆகவே முகூர்த்தமில்லாத ஆண்டில் சிவப்பைக் குறைத்து, பல நாள் தாங்கும் கார்னேஷன், ஆர்க்கிட் போன்றவற்றைக் கூட்டுவது நல்ல திட்டம்.

விலை எங்கே முடிவாகிறது? பெங்களூரு ஹெப்பாளில் உள்ள பன்னாட்டு மலர் ஏல மையத்தில் ஏலம் மேலிருந்து கீழே இறங்குகிறது. திரையில் உயர்ந்த விலையில் தொடங்கி எண் குறைந்துகொண்டே வரும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கு அந்த விலையில் சரக்கு. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் சந்தையில் வேரூன்றிய முறை இது. போட்டியாளர் என்ன நினைக்கிறார் என்று பார்த்து மெல்ல ஏற்றிக் கேட்க இதில் வழியில்லை. தாமதித்தால் மலிவாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பற்றாக்குறை என்ற பேச்சு அடிபடும் நாளில் பயம் பொத்தானை முன்னதாகவே அழுத்தவைக்கும்.

இங்கேதான் ஏற்றுமதி உள்ளே வருகிறது. 60, 70 சென்டிமீட்டர் நீளத் தண்டுகள் பிப்ரவரி முதல் வாரம்வரை வெளிநாட்டுக்கே ஒதுக்கப்படுகின்றன. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையிலும் எத்தியோப்பிய மேட்டுநிலத்திலும் விளையும் பெரிய மொட்டு ரோஜாக்களோடு அவை மோத வேண்டும். விமானக் கட்டணமோ அந்த ஆண்டின் தேவையோ சாதகமாக இல்லாவிட்டால், ஒதுக்கிய சரக்கு பத்தாம் தேதிக்குப் பிறகு உள்நாட்டுச் சந்தையில் வந்து கொட்டும். நல்ல விலை வரும் என்று குளிர்பதன அறையில் காத்திருந்த பூவும் அதே இரண்டு நாளில் வெளியே வரும். ஓசூரில் விலை விழுவது இப்படித்தான். ஜனவரியிலேயே விலை பேசி முடித்த தெருக் கடைக்கு அந்த வீழ்ச்சி போய்ச் சேர்வதில்லை. அவர் பேசிய விலையில்தான் வாங்கியிருக்கிறார், அதன்மேல்தான் விற்கிறார். இரண்டாவது வாசகர் கேட்ட ‘நடுவில்’ பெரும்பாலும் ஒரு தனி வில்லன் கிடையாது. நடுவில் இருப்பது மூன்று வாரக் கால இடைவெளி. அந்த இடைவெளியின் அபாயம் முழுவதும் பயிர் வைத்தவர் தலையில் விழுகிறது என்பதுதான் தவறு.

இதைத் திருத்த முடியும். முன்பணத்துடன், எழுத்தில், நவம்பர் கடைசிக்குள் கொடுக்கும் ஆர்டர்தான் உண்மையான ஆர்டர். அப்போதுதான் கத்தரிக்கோல் இன்னும் விவசாயி கையில் சும்மா இருக்கும். ஒரு நகரத்தின் பத்து கடைகள் சேர்ந்து ஒரு தோட்டத்தோடு இப்படிப் பேசினால், விலையும் அளவும் இருவருக்கும் தெரிந்த கணக்காகிவிடும். அரசு பசுமைக்குடிலுக்கு 50 சதவீத மானியம் தருகிறது. அதுவும் விவசாயி செலவழித்ததில் பாதி அல்ல, அரசு நிர்ணயித்த அலகுச் செலவில் பாதி. குடில் கட்ட உதவும் அந்தத் திட்டம், உள்ளே பூத்ததை விற்பதற்கான ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் பறித்த பூவைக் குழியில் கொட்டிய ஓசூர் விவசாயிகளில் பலர் குடிலுக்குள் குடைமிளகாய்க்கு மாறியதற்கு, வாங்குவேன் என்று எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லாததும் காரணம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கடையில் ‘ஃப்ரெஷ்’ என்று எழுதியிருப்பதன் பொருள் என்ன? வாடவில்லை என்பதுதான், வெட்டிப் பல நாளாகியும் இருக்கலாம்.

குளிர்பதன அறையில் எவ்வளவு நாள் வைக்கலாம்? 2 முதல் 4 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். அங்கே கழிந்த நாள்கள் உங்கள் வீட்டு ஜாடியில் குறையும்.

மொட்டின்மேல் வலை உறை எதற்கு? மொட்டு சீக்கிரம் விரிந்துவிடாமல் இருக்கவும் இதழ் அடிபடாமல் இருக்கவும்.

நீளத் தண்டுதான் தரமானதா? நீளத்துக்கு விலை அதிகம். அது எத்தனை நாள் வாடாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

பூவுக்கு ஜிஎஸ்டி உண்டா? புதிய கொய்மலருக்கு இல்லை.

வாங்கியதும் தலை தொங்குகிறதே? தண்டில் காற்று அடைத்திருக்கும். நுனியைத் தண்ணீருக்குள் வைத்து இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, கழுத்துவரை தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்துங்கள்.

புதிதாகக் கடை வைத்தவர் இப்போது என்ன செய்யலாம்? ஒரே வியாபாரியிடம் சொல்லுங்கள், சொன்னதில் பாதிக்காவது முன்பணம் கொடுங்கள், சொன்ன அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர் கடையில் கேட்க வேண்டியது? விலைக்கு முன்னால், வெட்டிய தேதியைக் கேளுங்கள்.