காவற்பூச்சிகளின் ஆகாரம்

1934-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் சிதைவுற்று, பீகாரத்துப் பூசாவை விட்டு 1936-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்த பின்னும், அவ்வூர்ப் பெயராலேயே இன்றும் அழைக்கப்படும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான், நம் தென்னாட்டு நீலத்தையும் வடநாட்டுத் தஷேரியையும் இணைத்து ஆம்ரபாலி என்னும் மாவினத்தை உண்டாக்கினார்கள். மாசி பிறந்ததும் தில்லியின் மாமரங்கள் பூக்கின்றன; கூடவே தத்துப்பூச்சியும் வந்துவிடுகிறது.

பூங்கொத்தில் அது உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதத்துக்கு ஆதாரமான சத்தோ சொற்பம்; ஆகவே வேண்டிய சத்துக் கிடைக்குமட்டும் ஓயாமல் குடித்து, மிஞ்சிய சர்க்கரை நீரைத் துளித்துளியாகக் கழித்துவிடுகிறது. அந்தத் தேன்கழிவால் இலைகள் பிசுபிசுத்து, கரும்பூசணம் படர்வதைக் கண்டு தோட்டக்காரர் மருந்துத் தெளிப்பானைத் தேடுவது இயல்பே.

ஆயினும் அதே கழிவு கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கு உத்தமமான ஆகாரம். வெளிர்பச்சை உடலும் பொன்னிறக் கண்களும் கொண்ட இப்பூச்சியினத்தில், நம் நாட்டில் பரவலாகக் காணும் கிரைசோபெர்லா வளர்ந்தபின் வேட்டையாடுவதில்லை. பூந்தேன், மகரந்தம், தேன்கழிவு இவற்றையே உண்டு, மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழுவோ, அரிவாள் போல் வளைந்த இரு தாடைகளால் அசுவினியையும் தத்துப்பூச்சிக் குஞ்சையும் கவ்விப் பிடித்துச் சாற்றை உறிஞ்சித் தீர்த்துவிடும். தாய்க்கு ஆகாரம் குறைந்தால் முட்டை குறையும். முட்டை குறைந்தால் காவலும் குறையும். அசுவினியை உண்ணும் புழுக்களை ஈனும் சிர்பிட் ஈயும் இவ்வாறே. மகரந்தம் உண்ணாமல் அதற்கு முட்டை முதிர்வதில்லை.

மருந்து அடிப்பதில் உள்ள அபாயத்தை ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினர். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்திட்ட ஆரஞ்சு இனச் செடிகளில் மாவுப்பூச்சிகள் கழித்த தேன்கழிவிலேயே விஷம் கலந்திருந்தது. அதை உண்ட சிர்பிட் ஈக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் மாண்டன. நம் மாந்தோப்புகளிலும் தத்துப்பூச்சிக்கென்று தெளிப்பது பெரும்பாலும் அதே மருந்துதான் என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது.

பரிகாரம் எளியது. குறுகிய வாயுடைய இப்பூச்சிகளுக்கு எட்டும்படி, ஆழமின்றித் தேனை ஏந்தியிருப்பவை கொத்தமல்லி, பெருஞ்சீரகம் முதலியவற்றின் சிறு பூக்கள். வடநாட்டில் ஐப்பசியில் விதைத்த மல்லி, மா பூக்கும் பருவத்தையொட்டியே பூக்கிறது. ஆகவே தோப்புடையோர் வரப்போரமாக இரண்டு பாத்தி மல்லியைக் கீரைக்குப் பறிக்காமல் பூக்க விடவேண்டும். பூங்கொத்துகளைச் சோதித்துப் பாராமல், பஞ்சாங்கம் பார்த்து மருந்தடிக்கும் வழக்கத்தையும் கைவிடவேண்டும்.